மாற்றல் உத்தரவும் பள்ளித் தேடலும்

வங்கியிலோ ரயில்வேயிலோ அரசாங்க இலாகாக்களிலோ உத்தியோகம் பார்ப்பவர்களின் குடும்பங்களுக்கு மாற்றல் உத்தரவு பெரும்பாலும் சித்திரை வைகாசியில்தான் வந்து சேருகிறது. வந்த அன்றே வீட்டில் எழும் முதற்கேள்வி, எந்தப் பேட்டையில் வீடு பார்ப்பது என்பதாக இருக்கும். சாமான்களைக் கட்டுவது, காஸ் இணைப்பை மாற்றுவது, வீட்டுக்காரரிடம் முன்பணத்தைத் திரும்பப் பெறுவது என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏற்பாடுகள் நடந்துகொண்டிருக்க, பள்ளிக்கூடம் என்பது புதிய வீட்டில் பால் காய்ச்சிய பிறகு அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளும் விஷயமாகக் கடைசியில் வந்து நிற்கும். மற்றக் குழந்தைகளுக்கு இந்த வரிசையால் பெரிய தீங்கு எதுவும் நேர்ந்துவிடுவதில்லை. ஆனால் ஏடிஹெச்டி என்று மருத்துவர்கள் குறிப்பிடுகிற, கவனக்குறைவும் மிகை இயக்கமும் கூடிய சுபாவமுள்ள ஒரு குழந்தை அந்த வீட்டில் இருக்குமானால், இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும். முதலில் பள்ளி, பிறகுதான் வீடு. இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வந்தது பிரதானமாக இதுவே.

காரணத்தைச் சற்று விரித்துச் சொல்கிறேன். இந்தக் குழந்தைகளிடம் அறிவுக் குறை எதுவும் இல்லை. கவனமே கிடையாது என்பதும் சரியன்று. பழைய ரேடியோவைப் பிரிப்பதிலோ எறும்புச் சாரையைத் தொடர்ந்து போவதிலோ இரண்டு மணி நேரம் சோறு தண்ணீர் நினைவின்றி லயித்திருக்கும் அதே குழந்தை, வாய்ப்பாட்டுப் புத்தகத்தின் முன்னால் இரண்டு நிமிஷம் நிலைகொள்ளாமல் தவிப்பதற்குக் காரணம், கவனத்தை வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தில் நிறுத்தி வைக்கிற சக்தி வயதுக்கேற்ற அளவில் முதிராமல் இருப்பதே. 1902-ஆம் ஆண்டிலேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர், புத்திக்குறைவோ வளர்ப்புக்குறைவோ இல்லாத குழந்தைகளிடத்திலும் இந்தத் தன்மை காணப்படுவதைச் சொற்பொழிவுகளில் எடுத்துரைத்தார். ஆயினும் இன்றைக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் தாயின் செல்லத்தைத்தான் குற்றம் சொல்கிறார்கள். உள்ளே வலுப்படாத அந்தக் கட்டுப்பாட்டை வெளியிலிருந்து கொடுத்துத்தான் இக்குழந்தைகளை வளர்க்கிறோம். தினந்தோறும் ஒரே பாதை, முதல் வரிசையில் ஒரே இடம், முகத்தைப் பார்த்தே ‘ராத்திரி சரியாகத் தூங்கவில்லை போலிருக்கிறது’ என்று கண்டுகொள்ளும் வகுப்பாசிரியை, அதட்டாமல் கண்ணசைவிலேயே அடக்கத் தெரிந்த பி.டி. மாஸ்டர் ஆகிய இவர்களும் இவைகளும் சேர்ந்து கட்டிய சாரத்தின் மேல் நின்றுதான் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. ஊர் மாறும் நாளில் சாரம் முழுவதையும் பிரித்துவிடுகிறோம். கட்டடமோ இன்னும் ஈரம் காயாமல் நிற்கிறது.

ஆகவே பழைய ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்னாலேயே வேலை ஆரம்பமாகிறது. மருத்துவரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். எந்த வயதில், எதைக்கொண்டு இன்னதென்று தீர்மானிக்கப்பட்டது, என்னென்ன மருந்து எந்த அளவில் கொடுக்கப்பட்டது, எது ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். உளவியல் சோதனை அறிக்கைகள் இருந்தால் மூலத்தை வைத்துக்கொண்டு பிரதிகளை மட்டுமே வெளியே கொடுங்கள். இவற்றையெல்லாம்விட விலைமதிப்புள்ள காகிதம் ஒன்று உண்டு. அதை ஏனோ யாரும் கேட்டு வாங்குவதில்லை. பழைய வகுப்பாசிரியை தம் கையால் எழுதிக் கொடுக்கும் ஒரு பக்கக் கடிதம்தான் அது. எங்கே உட்கார வைத்தால் எழுதுகிறான், எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டியிருக்கிறது, கோபம் வந்தால் என்ன செய்தால் தணிகிறான் என்று மதுரையில் என் மகனுடைய ஆசிரியை ரூல் போட்ட தாளில் எழுதிக் கொடுத்த இருபது வரிகள், ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பெற்ற அறிக்கைகள் செய்யாத உபகாரத்தைச் சென்னையில் எங்களுக்குச் செய்தன.

மருந்து சாப்பிடும் குழந்தையாயின் இன்னொரு ஜாக்கிரதை வேண்டும். இந்த நிலைக்கு அதிகமாகக் கொடுக்கப்படும் மெத்தில்ஃபெனிடேட், நம் நாட்டு மருந்துச் சட்ட விதிகளில் எக்ஸ் அட்டவணையில் சேர்க்கப்பட்ட மருந்து. சீட்டு இரண்டு பிரதிகளாக இருக்க வேண்டும், அவற்றில் ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருஷம் பாதுகாத்து வைக்க வேண்டும். எல்லாக் கடைகளிலும் இது இருப்பதில்லை. புதிய ஊரில் மருத்துவரைத் தேடிக் கண்டுபிடித்து நேரம் வாங்குவதற்குள் கைவசமுள்ள மாத்திரை தீர்ந்துபோய், பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே மருந்தில்லாமல் வகுப்பில் உட்கார நேர்ந்த குழந்தைகளை நான் அறிவேன். எனவே புதிய மருத்துவரின் சந்திப்பை மாற்றல் உத்தரவு வந்த வாரத்திலேயே நிச்சயித்துவிடுங்கள். குறுகிய நேரம் வேலை செய்யும் மாத்திரை ஏறத்தாழ நான்கு மணி நேரமே நிற்குமாதலால், மத்தியான மாத்திரையைப் பள்ளியில் யார் கொடுப்பார்கள் என்பதையும் அப்போதே யோசிக்க வேண்டும். காலையில் ஒன்று கொடுத்தால் பள்ளி நேரம் முழுவதற்கும் போதுமான வகை பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். ஊர் மாறுகிற அதே மாதத்தில், மருத்துவர் கட்டாயம் என்று சொன்னாலன்றி, மருந்தை மாற்றிப் பார்க்க வேண்டாம். பிறகு எந்த மாறுதல் எதனால் வந்தது என்று பிரித்தறியவே முடியாது.

இனிப் பள்ளிகளின் வகைகள். கேந்திரிய வித்யாலயங்களில், ஊர் ஊராய் மாற்றலாகிப் போகும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை உண்டு. ஒரே பாடத்திட்டம் தேசமெங்கும் தொடர்வதால், அடிக்கடி ஊர் மாறும் குடும்பத்துக்கு அது பெரிய அனுகூலம். ஆனால் வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கை அதிகம். அரசுப் பள்ளிகளை நடுத்தரக் குடும்பத்தார் எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிடுவது எனக்குச் சம்மதமில்லை. வட்டார வள மையங்களின் வாயிலாக உள்ளடங்கிய கல்விக்கென்றே சிறப்பாசிரியர்கள் அங்கே சுற்றி வருகிறார்கள். பிள்ளைகள் குறைந்துபோன தொடக்கப் பள்ளிகள் பலவற்றில், லட்ச ரூபாய் கட்டணத்துக்கும் வெளியே கிடைக்காத சிறிய வகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது. சி.பி.எஸ்.இ., தன்னோடு இணைந்த ஒவ்வொரு பள்ளியும் சிறப்பாசிரியர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த காலந்தொட்டு அவருடைய முறையும் சென்னையில் வேர்கொண்டிருக்கிறது. குழந்தை எழுந்து நடமாடுவதைக் குற்றமாகக் கருதாத அந்த வகுப்பறை நம் குழந்தைகளுக்கு இயல்பாகவே பொருந்தும். எந்த வகுப்பு வரையில் அம்முறை தொடர்கிறது, அதற்குப் பின் பெஞ்சும் மணியுமான பள்ளிக்கு மாறுவது எப்படி என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். விசேஷப் பள்ளி என்று தனியே இருப்பவை வேறு வகைக் குறைபாடுகளுக்கு உரியவை. ஏடிஹெச்டி மட்டுமே உள்ள குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு உரிய இடம் மற்றப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிதான்.

சேர்க்கையின்போது இதைச் சொல்வதா, மறைப்பதா? பெற்றோரின் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி இது. சொன்னால் இடம் கிடைக்காது என்று உறவினர் எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள், நானும் கேட்டேன். மகன் மூன்றாம் வகுப்பு முடித்திருந்த சமயம், சென்னையில் பெயர்பெற்ற ஒரு தனியார் பள்ளியில் நேர்காணலன்று அவன் ஏதோ புண்ணியத்தால் அமைதியாக உட்கார்ந்திருந்ததைக் கண்டு, வாய் திறவாமல் கட்டணத்தைக் கட்டிவிட்டு வந்தோம். ஜூலையில் முதல் அழைப்பு வந்தது. செப்டம்பருக்குள் டைரியின் பக்கங்கள் சிவப்பு மையால் நிறைந்துபோயின. தண்டனையாக விளையாட்டுப் பீரியடை நிறுத்தினார்கள். ஓடித் தீர்க்க வேண்டிய வேகத்தை உள்ளேயே அடைத்து வைத்தமையால் அவன் பின்னும் அதிகமாகத் துள்ளினான். அக்டோபரில் எங்களைக் கூப்பிட்டு, “முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார், வேற ஸ்கூல் பாத்துக்கோங்க” என்று சொன்னபோது, அந்த வார்த்தையில் இருந்த கடுமையோடு சிறிது நியாயமும் கலந்திருந்ததை இன்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் நாங்கள் அல்லர். ‘நான் கெட்ட பையனாப்பா?’ என்று ஒரு ராத்திரி அவன் கேட்டான்.

அதன்பின் மதுரை ஆசிரியையின் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓர் உதவிபெறும் பள்ளியின் தலைமையாசிரியை முன்னால் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னோம். அவர் மதிப்பெண் பட்டியலைத் தள்ளி வைத்துவிட்டுக் கடிதத்தை இரண்டுமுறை படித்தார். பிறகு எங்களை விட்டுவிட்டு அவனிடம் பேசினார். “தம்பி, உனக்கு மணி பார்க்கத் தெரியுமா? எங்க பள்ளிக்கூடத்துல பெல் அடிக்க ஒரு ஆள் வேணும்.” வராந்தாவில் தொங்கிய தண்டவாளத் துண்டை நாற்பது நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்துபோய் அடிக்கிற வேலை அவனுக்குக் கிடைத்தது. எழுந்து நடப்பது அன்றுமுதல் அவனுக்குக் குற்றமாக இல்லாமல் கடமையாகிவிட்டது. அந்த அம்மையார் இதற்கென்று தனிப் பயிற்சி எதுவும் பெற்றவரல்லர்.

சொல்லிவிடுங்கள் என்பதே என் முடிவான அபிப்பிராயம். சொன்னதனால் மூடப்படும் கதவு, சொல்லாமல் நுழைந்திருந்தாலும் அரை வருஷத்தில் வெளியே அனுப்பக்கூடிய கதவுதான். எப்படிச் சொல்வது என்பதில் மட்டும் பக்குவம் வேண்டும். நோயின் பெயரை முதல் வாக்கியத்தில் வைத்து மன்னிப்புக் கேட்கும் தொனியில் ஆரம்பிக்காமல், அவனுக்கு எது வரும், எதில் சிரமம், எந்தச் சிறு உதவி போதும் என்ற வரிசையில் சொல்லுங்கள். அலுவலக மேஜையில் இருப்பவரிடம் சொல்லாமல், தலைமையாசிரியரிடமும் வகுப்பாசிரியரிடமும் நேரில் சொல்லுங்கள்.

பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் விடுமுறையில் போய்ப் பயனில்லை. கட்டடத்தைத்தான் பார்க்க முடியும். முடிந்தால் பள்ளி நடக்கும் நாளில், காலை இடைவேளைக்குச் சற்று முன்பாகப் போய், மணி அடித்ததும் பிள்ளைகள் வெளியே வரும் விதத்தைக் கவனியுங்கள். வகுப்பறை வாசலில் எவனாவது முழங்காலிட்டிருக்கிறானா? மைதானத்தில் பிள்ளைகள் இருக்கிறார்களா, அல்லது வேன்கள் நிற்கின்றனவா? சிறப்பாசிரியர் இருக்கிறார் என்று சொன்னால், எந்த அறையில் உட்காருகிறார், வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று கேட்டு, அவரை ஐந்து நிமிஷம் சந்திக்க விரும்புவதாகச் சொல்லுங்கள். பள்ளியின் விளம்பரப் புத்தகத்தில் மட்டும் இருக்கும் சிறப்பாசிரியர்கள் உண்டு. ‘வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தால் என்ன செய்வீர்கள்?’ என்ற ஒரே கேள்விக்கு வரும் பதிலில் பள்ளியின் மனோபாவம் முழுவதும் வெளிப்பட்டுவிடும். ஆறாம் வகுப்பில் சேர்ப்பதாயின் மேலும் எச்சரிக்கை தேவை: ஒரே ஆசிரியையின் நிழல் போய், பாடத்துக்கு ஒருவராக ஆறேழு பேர் வந்துபோகும் அந்த வருஷமும் ஊர் மாறும் வருஷமும் ஒன்றாக அமைந்தால், எல்லோருக்கும் செய்தியைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு யாருடையது என்று பெயர் குறித்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சட்டம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதையும் மிகையின்றித் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளை ஊர் மாறும்போது வேறொரு அரசு அல்லது உதவிபெறும் பள்ளிக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை உடையது. பழைய பள்ளியின் தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும், டி.சி. வரத் தாமதமாகிறது என்பதற்காகப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கலாகாது. உதவிபெறாத தனியார் பள்ளிகளை இந்த மாற்று உரிமை கட்டுப்படுத்தாது. எனினும் சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துப் பொறுக்குவது எந்தப் பள்ளிக்கும் விலக்கப்பட்டது; முதல் முறைக்கு 25,000 ரூபாய் வரையிலும், பின் ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு. உடல் ரீதியான தண்டனையும் மனத்தைத் துன்புறுத்துவதும் அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவில் தடுக்கப்பட்டுள்ளன. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாதென்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. அதில் எண்ணப்பட்ட 21 குறைபாடுகளில் ஏடிஹெச்டி தனியே பெயர் சொல்லப்படவில்லை, ஆனால் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு சேர்க்கப்பட்டிருக்கிறது. இவ்விரண்டும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருப்பது சகஜமாதலால், எழுத்திலும் வாசிப்பிலும் தனியே சிரமம் தென்படுமாயின் அதற்கும் சோதனை செய்துகொள்ளுங்கள்; அந்தச் சான்றிதழ் இருந்தால் சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வில் மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும்.

துணை ஆசிரியர் ஒருவரை உங்கள் செலவில் வைத்துக்கொண்டால்தான் சேர்ப்போம் என்று சில பள்ளிகள் நிபந்தனை விதிக்கின்றன. மிகச் சில குழந்தைகளுக்கு அது அவசியமாக இருக்கலாம்; குழந்தையை ஒரு நாள்கூடப் பார்க்காமல் விதிக்கப்படும் நிபந்தனையை நான் மறுப்பாகவே கொள்வேன். மறுக்கிறவர்களிடம் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

வேற்று மாநிலத்துக்குப் போகிறவர்கள் மொழியை மறக்கலாகாது. 2015-ஆம் ஆண்டின் கன்னட மொழிக் கற்றல் சட்டத்தினால் பெங்களூர்ப் பள்ளிகளில் கன்னடம் கட்டாயம்; அங்கிருந்து இங்கே வருகிறவர்களுக்கு 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் இருக்கிறது. ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதிப் பழகுவதே பெருந்தவமாக உள்ள குழந்தைக்கு, ஐந்தாம் வகுப்பில் புதிய அரிச்சுவடி ஒன்றைக் கொடுப்பது எத்தகைய பாரம் என்பதைச் சேர்க்கைக்கு முன்பே பள்ளியோடு பேசி, எந்த நிலைப் பாடத்திலிருந்து ஆரம்பிப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேர்ச்சி விதியும் ஊருக்கு ஊர் வேறு. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் 5, 8-ஆம் வகுப்புகளில் தேறாதவர்களை மறுதேர்வுக்குப் பின் நிறுத்தி வைக்க இடங்கொடுத்தது. தமிழக அரசு எட்டாம் வகுப்பு வரை நிறுத்தாத பழைய முறையையே தொடர்வதாக அறிவித்தது. பதினான்கு வயதைக் கடந்து, பள்ளி என்றாலே ஒடுங்கிப்போகிற நிலைக்கு வந்துவிட்ட பிள்ளைக்கு, 1989-இல் நிறுவப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. ஐந்து வருஷத்துக்குள் ஒவ்வொரு பாடமாக எழுதித் தேறலாம், ஊர் மாறினாலும் படிப்பு அறுபடாது. அதைத் தோல்வியாக எண்ணுவது தவறு.

புதிய ஊரில் யாரிடம் விசாரிப்பது? சென்னையில் எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனை, முட்டுக்காட்டிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம், பெங்களூரில் நிம்ஹான்ஸ் ஆகியவற்றுக்கு வரும் பெற்றோர்கள் காத்திருக்கும் பெஞ்சில் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்தால், எந்த விளம்பரமும் சொல்லாத செய்திகள் காதில் விழும். ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்புகளிடம், எந்தெந்தப் பள்ளிகளின் ஆசிரியர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள் என்று கேட்டால் பட்டியல் பாதியாகச் சுருங்கிவிடும்.

பள்ளி நிச்சயமான பிறகு வீடு பாருங்கள். நடந்துபோகும் தூரத்தில் பாருங்கள். ஓர் அறை குறைந்தாலும் வாடகை சற்றுக் கூடினாலும் பாதகமில்லை. வேனில் ஒன்றேகால் மணி நேரம் அடைபட்டு வந்து சேரும் குழந்தை, முதல் பீரியடுக்கு முன்பாகவே அன்றைய பொறுமையைச் செலவழித்துவிட்டிருக்கும். பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் ஆளில்லாத பள்ளிக்குள் அதை அழைத்துப்போய் வகுப்பறை, கழிப்பறை, தண்ணீர்க் குழாய், திரும்பும் வழி எல்லாவற்றையும் காட்டிவிடுங்கள். முதல் ஆறு வாரம் மதிப்பெண்ணைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். பழைய ஊரில் அடங்கியிருந்த துள்ளல் மீண்டும் தலைகாட்டினால், மருந்தோ வளர்ப்போ தோற்றுவிட்டதென்று பதறவும் வேண்டாம்.

உத்தரவு கைக்கு வந்ததும் முதல் காரியமாக நான்கு நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தனியாக ஒருமுறை, குழந்தையோடு ஒருமுறை, புதிய ஊருக்குப் போய் வாருங்கள். எந்த வீட்டுக்கும் அதற்குமுன் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.